இரவு பத்து மணிக்கு மேல் என் கை என் பேச்சைக் கேட்பதில்லை

தாழ்வாரம் | முதல் நாள், இரவு 11.52

இதை எழுதும்போதே விசைப்பலகை இடுக்கில் பிஸ்கட் துகள் கிடக்கிறது. ஆகவே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

வயது 43. வீட்டில் இருந்தபடியே மெய்ப்புத் திருத்தும் வேலை. இரவு எட்டு மணிக்கு வயிறாரச் சாப்பிட்டுவிடுகிறேன். பசி என்று சொல்லிக்கொள்ள இடமே இல்லை. ஒன்பதரைக்குப் பையன் தூங்கிவிடுவான். பத்து மணி வாக்கில் சமையலறைக்குள் போகிறேன், விளக்கைப் போடாமல். விளக்கைப் போட்டால் நான் தின்பது எனக்கே தெரிந்துவிடும் அல்லவா? டப்பாவைச் சத்தமில்லாமல் திறப்பதற்கு ஒரு வித்தை இருக்கிறது. அடியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மூடியின் விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி நெம்ப வேண்டும். ஒரே இடத்தில் நெம்பினால் 'டப்' என்று கேட்கும். இந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொண்ட கைத்தொழில் இது ஒன்றுதான். முதலில் இரண்டு எடுத்து வருவேன். கால் மணி நேரத்தில் இன்னும் இரண்டு. நான்காவது நடைக்கு அலுத்துப்போய் டப்பாவையே மேசைக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

மாலை ஐந்து மணிக்கும் ஒரு சுற்று உண்டு. அதை யாரிடமும் மறைப்பதில்லை என்பதால் அவ்வளவு வெட்கமில்லை.

செய்து பார்த்தவற்றையும் சொல்கிறேன். நொறுக்குத்தீனி வாங்குவதையே நிறுத்தினேன்; பையனின் பாலில் கலக்கும் சாக்லேட் பொடியைக் கரண்டியால் அள்ளித் தின்றேன். தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். தண்ணீரும் குடித்தேன், பிஸ்கட்டும் தின்றேன். "நாளை முதல்" என்று ஏழு முறை சபதம் எடுத்தாயிற்று. இதிலிருந்து உண்மையிலேயே வெளியே வந்தவர்கள் இருந்தால் எப்படி வந்தீர்கள் என்று சொல்லுங்கள். "கட்டுப்பாடு வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

இரும்புக்கதவு | முதல் நாள், இரவு 11.58

வேண்டாம் என்றாலும் சொல்கிறேன், கட்டுப்பாடுதான் வேண்டும். எட்டு ஆண்டுகளாக இரவு எட்டு மணிக்கு மேல் தண்ணீர் தவிர எதையும் நான் வாயில் வைப்பதில்லை. மனம் வைத்தால் நடக்கும். மனம் வைக்காதவர்கள் காரணம் தேடுவார்கள்.

எறும்பு | இரண்டாம் நாள், காலை 6.20

தாழ்வாரம் அண்ணா, நானும் அதே இருட்டில் நின்றவள்தான். என் வித்தை வேறு. பிளாஸ்டிக் உறையை ஒரேயடியாக விசுக்கென்று கிழிக்க வேண்டும். மெதுவாகக் கிழித்தால் வெகுநேரம் சரசரக்கும். இரவுப்பணி முடிந்து இப்போதுதான் வந்தேன். தூங்கி எழுந்து விரிவாக எழுதுகிறேன்.

கீழைக்காற்று | இரண்டாம் நாள், காலை 9.05

நான் உணவியல் ஆலோசகர். இரவு பத்து மணியைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறீர்கள். காலையில் எழுந்ததிலிருந்து மாலை நான்கு மணி வரை என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான், குற்றம் நடந்த இடத்தை மட்டும் காட்டுவார்கள்.

மூன்று நாள் எழுதிப் பாருங்கள். கலோரி வேண்டாம், எடை வேண்டாம். மணி, என்ன சாப்பிட்டீர்கள், அப்போது எங்கே இருந்தீர்கள், இவ்வளவு போதும். மாற்ற முயலாமல் வழக்கம்போலவே சாப்பிட்டு எழுதுங்கள்.

தாழ்வாரம் | ஐந்தாம் நாள், இரவு 9.40

எழுதினேன். பார்க்கச் சகிக்கவில்லை. காலை 7.00 காபி. 9.30 காபி. 11.30 காபி, நின்றுகொண்டு ஒரு வாழைப்பழம். மதியச் சாப்பாடு முதல் நாள் 2.50, மறுநாள் 3.15, மூன்றாம் நாள் சாப்பிட்டதாகவே நினைவில்லை. மூன்று நாளும் கணினிக்கு முன்னால்தான். மாலை ஐந்து மணிக்கு மேல் எழுதத் தாளில் இடம் போதவில்லை, பின்பக்கத்தில் தொடர்ந்திருக்கிறேன்.

கீழைக்காற்று | ஐந்தாம் நாள், இரவு 10.15

நினைத்தேன். பகலெல்லாம் உடலுக்குக் கடன் சொல்லிவிட்டு மாலையில் அது வசூலுக்கு வந்தால் திட்டுகிறீர்கள்.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர் ஆன்செல் கீஸ். 1944-45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்திருந்தார். நல்ல உடற்கட்டும் மன உறுதியும் உள்ளவர்கள். சில வாரங்களில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். கட்டுப்பாடு முடிந்த பிறகும் பலருக்கு எவ்வளவு தின்றும் ஆறவில்லை. உங்கள் நிலை அவ்வளவு மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் போகும் பாதை அதுதான்.

முதல் வேலை இரவை விட்டுவிடுவது. காலையில் எழுந்து இரண்டு மணி நேரத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடுங்கள், தட்டில் பருப்போ முட்டையோ மீனோ கொஞ்சம் கனமாக இருக்கட்டும். மாலை ஐந்து மணிச் சுற்றை ஒழிக்க வேண்டாம், ஒழுங்குபடுத்துங்கள்: ஒரு பழம், ஒரு கைப்பிடி கொட்டைகள், உட்கார்ந்து. பத்து மணிக்குத் தின்பதைப் பற்றி இப்போதைக்கு எதுவும் செய்யாதீர்கள்.

முனைமழுங்கிய பென்சில் | ஆறாம் நாள், காலை 8.30

கீழைக்காற்று சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பகலில் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கும் மாலையில் பசி கூடத்தான் செய்யும். 2013இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 12 பேரை மங்கிய வெளிச்சத்தில், வெளியுலக நேரம் தெரியாமல் தங்கவைத்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் நாளின் எல்லா நேரங்களுக்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். எப்போது சாப்பிட்டாலும் எப்போது தூங்கினாலும், உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தின்படி பசி காலை எட்டு மணி வாக்கில் மிகக் குறைவாகவும் இரவு எட்டு மணி வாக்கில் உச்சத்திலும் இருந்தது. இனிப்பு, உப்பு, மாவுப்பண்டம் மீதான ஆசையும் அப்படியே. இரவெல்லாம் பட்டினி கிடந்து எழுந்தவனுக்குக் காலையில் பெரும்பசி இல்லாமலிருப்பதற்கும் இதுவே காரணம்.

ஆக, பத்து மணிக்கு டப்பாவைத் தேடுவது ஒழுக்கக்கேடு அல்ல. அலை அந்த நேரத்தில் இன்னும் உயரத்தில்தான் இருக்கிறது.

இரும்புக்கதவு | ஆறாம் நாள், காலை 8.52

ஆய்வு என்றால் நானும் சொல்வேன். மன உறுதி என்பது தசை மாதிரி, பகலெல்லாம் உழைத்தால் மாலையில் களைத்துவிடும். முள்ளங்கி தின்னவைத்து, பக்கத்தில் சாக்லேட் பிஸ்கட்டை வைத்துச் சோதித்தார்களே, ஆசையை அடக்கியவர்கள் பிறகு கொடுத்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். அதனால்தான் மாலையில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும் என்கிறேன்.

முனைமழுங்கிய பென்சில் | ஆறாம் நாள், காலை 9.10

அது 1998இல் வந்தது. அதே கருத்தை 2016இல் 23 ஆய்வகங்கள், 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து மறுபடி சோதித்தன. களைப்பின் விளைவு ஏறக்குறையப் பூஜ்யம்.

இரும்புக்கதவு | ஆறாம் நாள், காலை 9.14

சரி. சிறிய தட்டில் போட்டுச் சாப்பிட்டால் குறைவாகச் சாப்பிடுவோம். இதையாவது விட்டுவைப்பீர்களா?

முனைமழுங்கிய பென்சில் | ஆறாம் நாள், காலை 9.31

தட்டு, கிண்ணம், அளவு என்று எழுதிப் புகழ்பெற்றவர் பிரையன் வான்சிங்க். 2018இல் அவருடைய ஆறு கட்டுரைகளை ஒரே நாளில் திரும்பப் பெற்றார்கள். ஆய்வு முறைகேடு என்று அவர் வேலை பார்த்த கார்னெல் பல்கலைக்கழகமே அறிவித்து, அவர் பதவி விலகினார். சிறிய தட்டில் சாப்பிடுவதில் கெடுதல் ஒன்றுமில்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள். அதற்கு ஆதாரம் இருக்கிறது என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள்.

இன்று உங்களுக்கு நாள் சரியில்லை நண்பரே.

எறும்பு | ஆறாம் நாள், மாலை 4.45

வாக்குக் கொடுத்தபடி வருகிறேன். இடையில் நான்கு இரவுகள் தொடர்ந்து பணி, மன்னியுங்கள்.

நான் செவிலி. இரவுப்பணியில் மூன்று மணி என்பது ஒரு விநோதமான நேரம். உடம்பு குளிரும், வாய் எதையாவது கேட்கும். எங்கள் அறையில் ஒரு நீல நாற்காலி இருந்தது, கைப்பிடி உடைந்து பிளாஸ்திரி சுற்றியது. அதில் உட்கார்ந்தால் என் வலது கை மேசையின் இரண்டாவது இழுப்பறைக்குப் போகும். உள்ளே சிப்ஸ். இதை நான் ஓர் ஆண்டாகக் கவனிக்கவே இல்லை. ஒருநாள் யாரோ இழுப்பறையைக் காலி செய்து ஊசிப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். நான் உட்கார்ந்தேன், கை போயிற்று, பெட்டியைத் தடவிக்கொண்டு நிற்கிறது. அப்போது பசியே இல்லை. பத்து நிமிடத்துக்கு முன்புதான் சாப்பிட்டிருந்தேன்.

அன்று விளங்கியது இதுதான். தின்பது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தின்றது அந்த நாற்காலி.

பசி என்றால் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும், கீழைக்காற்று சொன்னது முழுக்கச் சரி. ஆனால் பசி போன பிறகும் கை போகும். அதற்கு வேறு மருந்து. நான் செய்தது ஒன்றே ஒன்று, அந்த நாற்காலியில் உட்காருவதை விட்டேன். எதிர்ச்சுவர்ப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டேன். மூன்று வாரத்தில் மூன்று மணிக்கு வாய் கேட்பது நின்றது என்று சொல்ல மாட்டேன். கேட்டது, ஆனால் முணுமுணுத்தது, முன்போல் கத்தவில்லை.

முனைமழுங்கிய பென்சில் | ஆறாம் நாள், மாலை 5.20

எறும்பு, நீங்கள் சொல்வதற்குச் சாட்சி இருக்கிறது, நல்ல சாட்சி. 2011இல் வெளியான ஆய்வு. திரையரங்குக்கு வந்தவர்களில் சிலருக்கு அப்போது பொரித்த பாப்கார்னும் சிலருக்கு ஏழு நாள் பழசும் கொடுத்தார்கள். திரையரங்கில் பாப்கார்ன் தின்றே பழகியவர்கள் பழசையும் புதிசுக்குச் சமமாகத் தின்றார்கள். ருசி எப்படி என்று கேட்டால் மோசம் என்கிறார்கள், ஆனால் தின்ற அளவு குறையவில்லை. அதே பழக்கமுள்ள வேறு சிலரை வேறோர் அறையில் உட்கார்த்திக் கொடுத்தபோது பழசைக் குறைவாகவே தின்றார்கள். இன்னொரு சுற்றில், எந்தக் கையால் வழக்கமாகத் தின்பார்களோ அந்தக் கையை விட்டு மறுகையால் தின்னச் சொன்னார்கள். பழகியவர்களும் பழசைக் குறைத்துக்கொண்டார்கள்.

நாக்கு வேண்டாம் என்கிறது, கை நிறுத்தவில்லை. இழையின் தலைப்பை எழுதியவர் அறியாமலே சரியாக வைத்திருக்கிறார்.

நடைவண்டி | ஏழாம் நாள், அதிகாலை 3.10

இப்போது விழித்திருக்கிறேன், அதனால் கேட்டுவிடுகிறேன். மூன்று மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். இரவில் ஒவ்வொரு முறை எழும்போதும் வயிறு காந்துகிறது. நானும் நாற்காலியை மாற்ற வேண்டுமா?

கீழைக்காற்று | ஏழாம் நாள், காலை 7.00

வேண்டவே வேண்டாம். சாப்பிடுங்கள். பால் சுரக்க உடலுக்கு நாளொன்றுக்குச் சில நூறு கலோரி கூடுதலாக வேண்டும். அது பழக்கமல்ல, பசி. படுக்கைக்குப் பக்கத்தில் நல்லதாக ஏதாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரும்.

இதே மூச்சில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு இரவுச் சிற்றுணவைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் ஆபத்து. மருத்துவரிடம் கேட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும்.

நடைவண்டி | ஏழாம் நாள், காலை 7.04

நன்றி. அழுகை வந்துவிட்டது. யாரும் சாப்பிடு என்று சொல்வதில்லை.

பனித்துளி | எட்டாம் நாள், இரவு 1.35

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பத்து மணி பிரச்சினை இல்லை. தூங்கிப்போய் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ விழிப்பு வரும். எதையாவது தின்றால்தான் மறுபடி தூக்கம் வரும் என்று மனம் அடித்துச் சொல்லும். வாரத்தில் நான்கு ஐந்து நாள். காலையில் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது. இரண்டு ஆண்டுகளாக இப்படி. இழுப்பறை, நாற்காலி என்று எதை மாற்றுவது?

கீழைக்காற்று | எட்டாம் நாள், காலை 6.50

பனித்துளி, நீங்கள் சொல்வது வேறு. காலையில் பசியின்மை, இரவில் எழுந்து தின்பது, தின்றால்தான் தூக்கம் என்ற எண்ணம், இந்தச் சேர்க்கையை 1955இலேயே ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற மருத்துவர் விவரித்திருக்கிறார். இரவுணவு நோய்க்குறி என்று சொல்லலாம். நாளின் உணவில் கால் பங்கோ அதற்கு மேலோ இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போவது, அல்லது வாரத்துக்கு இரண்டு முறையாவது தூக்கத்திலிருந்து எழுந்து தின்பது, இவை அதன் அளவுகோல்கள். மனச்சோர்வோடும் தூக்கக் கோளாறோடும் சேர்ந்து வருவதுண்டு. சிகிச்சை இருக்கிறது, பேச்சு வழியாகவும் மருந்து வழியாகவும். மருத்துவரிடம் போகும்போது "நொறுக்குத்தீனிப் பழக்கம்" என்று தொடங்காதீர்கள். எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள், வாரத்தில் எத்தனை நாள் என்று எண்ணோடு சொல்லுங்கள்.

ஒரு கேள்வி. தின்றது காலையில் நினைவிருக்கிறதா? தூக்க மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? சில மாத்திரைகளால், குறிப்பாக சோல்பிடெம், தூக்கத்திலேயே எழுந்து தின்றுவிட்டு நினைவில்லாமல் போகிறவர்கள் உண்டு.

பனித்துளி | எட்டாம் நாள், காலை 7.40

நினைவிருக்கிறது, நன்றாகவே. மாத்திரை இல்லை. எண்ணை எழுதிக்கொண்டு போகிறேன்.

நெறியாளர் | எட்டாம் நாள், காலை 10.00

மெலிவதற்கான மாத்திரை விளம்பரங்கள் மூன்றை நீக்கியிருக்கிறேன். நான்காவது போட்டவரையும் நீக்கியிருக்கிறேன். தொடருங்கள்.

தாழ்வாரம் | பதினைந்தாம் நாள், இரவு 10.30

ஒன்பது நாள் கீழைக்காற்று சொன்னபடி பகலில் சாப்பிட்டேன். முதல் இரண்டு நாள் மதியம் ஒரு மணிக்கு எழுந்து போவது திருட்டுத்தனமாக இருந்தது. இரவில் திருடியபோது இவ்வளவு உறுத்தவில்லை. நான்காம் நாளிலிருந்து ஐந்து மணிச் சுற்று தானாகவே சுருங்கிவிட்டது. ஒரு பழத்தோடு முடிகிறது. நானே நம்பவில்லை.

பத்து மணி? கல்லுப்போல் இருக்கிறது. அசையவில்லை.

எறும்பு சொன்ன மாதிரி நாற்காலியைத் தேடினேன். என்னுடையது நாற்காலி இல்லை, மடிக்கணினியின் மூடி. அதை மூடிய இரண்டு நிமிடத்துக்குள் சமையலறை வாசலில் நிற்கிறேன், ஒன்பது நாளும். மூடியதும் எனக்கு வருவது என்ன என்று நேற்று நின்று பார்த்தேன். பசி இல்லை. நாள் முடிந்துவிட்டதே என்ற ஒரு கோபம். காலை ஏழு முதல் யாரோ எழுதியதில் ஒற்றும் காற்புள்ளியும் தேடினேன், பிறகு பையனின் கணக்குப் பாடம், பிறகு பாத்திரம். இப்போது படுத்தால் அடுத்த கணம் காலை ஏழு. படுக்காமல் இருக்க ஒரு சாக்கு வேண்டும். டப்பா இருக்கும் வரை நாள் முடியவில்லை.

எறும்பு | பதினைந்தாம் நாள், இரவு 10.41

அப்படியானால் அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்காதீர்கள் அண்ணா. அது உங்களுடையது. டப்பாவைத்தான் அதிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அந்த நேரத்துக்கு வேறு என்ன இருந்தால் அது உங்கள் நேரமாகத் தெரியும்?

தாழ்வாரம் | பதினைந்தாம் நாள், இரவு 10.55

பிழை திருத்த வேண்டாத எதுவும்.

முனைமழுங்கிய பென்சில் | பதினாறாம் நாள், காலை 8.15

கண்ணுக்கும் கைக்கும் வேலை கொடுப்பதாகப் பாருங்கள். தின்னும் ஆசை வரும்போது மனம் அந்தப் பண்டத்தைப் படமாகத்தான் போட்டுப் பார்க்கிறது. நிறம், மொறுமொறுப்பு எல்லாம். படம் போடும் திரையை வேறொன்று பிடித்துக்கொண்டால் ஆசை மங்கும். 2014இல் பிளிமத் பல்கலைக்கழகத்தில், கட்டைகள் விழுந்து அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டை மூன்று நிமிடம் ஆடச்சொல்லிப் பார்த்தார்கள். ஆசையின் வேகம் கால்வாசி குறைந்தது. புத்தகம் வாசிப்பதை நான் சொல்ல மாட்டேன், ஒரு கை சும்மா இருக்கும். தொலைக்காட்சி என்றால் இரண்டு கையும்.

இரும்புக்கதவு | பதினாறாம் நாள், இரவு 9.20

ஒரு விஷயத்தை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாரமாக இதைப் படித்துக்கொண்டு வருகிறேன், மனம் ஒப்பவில்லை.

எட்டு ஆண்டுகளாக இரவில் எதையும் தொடுவதில்லை என்றேனே, அது உண்மை. எங்கள் வீட்டில் தின்பண்டம் வைக்கும் அலமாரிக்குப் பூட்டு உண்டு. சாவி என் மனைவியிடம். அவள் எட்டு மணிக்குப் பூட்டிவிட்டுத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வாள். அவள் ஊருக்குப் போன இரண்டு வாரம் நான் என்ன செய்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

எறும்பு | பதினாறாம் நாள், இரவு 9.22

இரும்புக்கதவு என்ற பெயரின் பொருள் இப்போதுதான் புரிகிறது, அண்ணே.

முனைமழுங்கிய பென்சில் | பதினாறாம் நாள், இரவு 9.45

கேலி செய்ய மாட்டேன். பூட்டு நல்ல வழி. கை எட்டும் தூரத்தில் இல்லாமல் செய்வதைவிட மலிவான கட்டுப்பாடு கிடையாது. தாழ்வாரம் வாங்குவதை நிறுத்தித் தோற்றதற்குக் காரணம், அப்போது பகலெல்லாம் பட்டினி. இப்போது மறுபடி முயன்றால் வேறு மாதிரி இருக்கலாம்.

இரும்புக்கதவு | பதினாறாம் நாள், இரவு 9.50

"வேறு மாதிரி இருக்கலாம்." இதற்கு ஆய்வு எங்கே?

தாழ்வாரம் | முப்பத்தோராம் நாள், இரவு 10.20

நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன், தடை இல்லாத சட்டம். பத்து மணிக்குத் தின்னலாம், எவ்வளவு வேண்டுமானாலும். ஆனால் சமையலறை விளக்கைப் போட வேண்டும், தட்டில் எடுத்து வைக்க வேண்டும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தின்ன வேண்டும், கையில் செல்போன் கூடாது. டப்பா மேசைக்கு வரக் கூடாது. அவ்வளவுதான்.

முதல் இரவு நான்கு பிஸ்கட் எடுத்து வைத்து உட்கார்ந்தேன். விளக்கு கண்ணைக் கூசியது. எதிரில் யாரும் இல்லை. தட்டில் நான்கு பிஸ்கட், விசாரணைக்கு வந்த மாதிரி. முதலாவதைக் கடித்தேன். பல ஆண்டுகளாகத் தின்கிற அதே பிஸ்கட். மேலே இனிப்பு, உடனே மாவு, பிறகு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு மெழுகு. விழுங்கியபின் தொண்டையில் பழைய எண்ணெயின் சாயல். இது இவ்வளவு சுமாரான பண்டம் என்று எனக்குத் தெரியவே தெரியாது! இரண்டாவதையும் தின்றேன், நம்பாமல். மூன்றாவதையும் நான்காவதையும் திரும்ப வைத்தேன். ஒழுக்கத்தால் இல்லை. அந்த விளக்கில் உட்கார்ந்திருக்க அலுப்பாக இருந்தது.

பிறகு அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒன்று கண்டுபிடித்தேன். பழைய கைக்கடிகாரங்கள் மூன்று ஓடாமல் கிடந்தன. கழற்றிச் சுத்தம் செய்கிறேன். ஒன்றும் ஓடப்போவதில்லை, அது முக்கியமும் இல்லை. இடுக்கியைப் பிடித்த கையால் பிஸ்கட் எடுக்க முடியாது, எடுத்தால் துகள் பல்சக்கரத்தில் விழும். பதினொன்றுக்குப் பல் துலக்கிவிட்டுப் படுக்கிறேன். முன்பெல்லாம் ஒரு மணி ஆகும்.

இருபத்து மூன்றாம் நாள் விழுந்தேன். அவசர வேலை, இரவு ஒன்றரை வரை. இருட்டில், நின்றபடி, டப்பா முழுவதும். மறுநாள் காலை, போயிற்று எல்லாம் என்று இங்கே எழுத வந்து, எழுதாமல் போய்விட்டேன்.

முனைமழுங்கிய பென்சில் | முப்பத்தோராம் நாள், இரவு 10.48

எதுவும் போகவில்லை. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து, புதுப்பழக்கம் படிய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். 21 நாள் என்று எல்லோரும் சொல்வார்களே, அது இல்லை. அவர்கள் கணக்கில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒருநாள் தவறியதால் பழக்கம் படிவது பெரிதாகத் தடைப்படவில்லை.

இன்னொன்று, நீங்கள் விழுந்தது ஒன்றரை மணி வரை விழித்த இரவில். 2004இல் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பத்து மணி நேரம் படுக்கவிட்ட இரவுகளோடு ஒப்பிட்டால், பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. தூக்கத்தைத் திருடினால் அது டப்பாவிடம்தான் முறையிடும்.

நடைவண்டி | முப்பத்திரண்டாம் நாள், அதிகாலை 4.05

28 சதவீதமா? என்னிடம் கேட்டிருந்தால் 280 என்று சொல்லியிருப்பேன்.

கீழைக்காற்று | முப்பத்திரண்டாம் நாள், காலை 9.30

பல் துலக்குவதை எல்லோரும் ஏதோ மந்திரம் போலச் சொல்வார்கள். மந்திரம் இல்லை, பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் சற்று நேரம் இனிப்பைத் தெரியவிடாமல் அடிக்கிறது, பிறகு என்ன தின்றாலும் கசக்கிறது. தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடும் என்பதால், தின்றுவிட்டு அப்படியே படுப்பது பல்லுக்கும் கேடு. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் படுப்பதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை முடித்துக்கொள்வது நல்லது.

கைக்கடிகாரம் என் பட்டியலில் இதுவரை இல்லை. சேர்த்துக்கொண்டேன்.

பனித்துளி | நாற்பத்து நான்காம் நாள், மாலை 6.10

போய் வந்தேன். எண்ணைச் சொன்னதும் மருத்துவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். முன்பு ஒருவரிடம் "ராத்திரி தின்கிறேன்" என்று சொன்னபோது சிரித்திருந்தார். சிகிச்சை தொடங்கியிருக்கிறது. காலையில் பாதி ரொட்டி சாப்பிட முடிகிறது. இரவைப் பற்றிச் சொல்ல இன்னும் ஒன்றும் இல்லை.

எறும்பு | நாற்பத்து நான்காம் நாள், மாலை 6.30

பாதி ரொட்டி பெரிய செய்தி. எழுதிக்கொண்டே இருங்கள் பனித்துளி.

இரும்புக்கதவு | ஐம்பத்திரண்டாம் நாள், இரவு 8.15

என் மனைவியிடம் இந்த இழையைக் காட்டினேன். சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். நான் வாங்க மறுத்துவிட்டேன்.

தாழ்வாரம் | எழுபத்து நான்காம் நாள், இரவு 10.35

சிலர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன். நின்றுவிட்டதா என்றால், இல்லை. வாரத்தில் ஒன்றிரண்டு இரவு தின்கிறேன். விளக்கைப் போட்டு, தட்டில். எடை பார்க்கவில்லை, அதனால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பகல் சாப்பாடு மட்டும் தவறுவதில்லை. தவறிய நாளில் ஐந்து மணிக்கே கை துறுதுறுக்கிறது, கணக்குப் பிசகுவதே இல்லை. ஒரு கடிகாரம் நான்கு மணி நேரம் ஓடி நின்றது.

நேற்று இரவு டப்பாவைத் திறந்தேன். பழக்கம் விட்டுப்போயிற்று போலிருக்கிறது, ஒரே இடத்தில் நெம்பிவிட்டேன். 'டப்' என்று வீடே அதிர்ந்தது. மனைவி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் விளக்கடியில் டப்பாவும் கையுமாக நிற்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. வந்து எதிரில் உட்கார்ந்து, "எனக்கும் ஒன்று எடுத்துவை" என்றாள்.